லேபிளில் யார் பெயர்?

2017 மே மாதம். இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் பிட்டி அரண்மனைக்குள் கூச்சி நிறுவனத்தின் ஆடைக் காட்சி. அதில் நடந்து வந்த ஒரு மாடல் போட்டிருந்த ஜாக்கெட்டுக்கு உடல் பகுதி ரோமம், கைகள் பலூன் மாதிரி உப்பியவை, கை முழுக்கக் கூச்சியின் இரட்டை எழுத்து லோகோ. படம் இணையத்தில் ஏறியதும் டயான் டிக்சன் என்ற பெண் தன் பழைய ஃபோட்டோ ஒன்றை எடுத்துப் போட்டார். 1980களில் அமெரிக்காவுக்காக ஒலிம்பிக்கில் ஓடியவர் அவர். ஃபோட்டோவில் அவர் மேல் அதே ஜாக்கெட். அதே ரோமம், அதே உப்பிய கை. வித்தியாசம் ஒன்றுதான்: இவருடைய கையில் இருந்தவை லூயி விட்டான் எழுத்துகள். 1989இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் டாப்பர் டான் அவருக்குத் தைத்துக் கொடுத்தது அது. தைத்தவர் பெயரைச் சொல்லுங்கள் என்று டிக்சன் கேட்டிருந்தார்.

டாப்பர் டானின் சொந்தப் பெயர் டேனியல் டே. 1982இல் ஹார்லெமின் 125ஆம் தெருவில் கடை திறந்தார். ராத்திரி பகல் எந்நேரமும் திறந்திருந்த கடை. முதலில் ரோமக் கோட்டு வாங்கி விற்பதுதான் திட்டம். மொத்த வியாபாரிகள் சரியாகச் சரக்கு தரவில்லை. தானே தைப்பது என்று இறங்கிவிட்டார். கூச்சி கடையில் கோட்டு மாட்டி எடுத்துப் போகும் உறைப்பைகளை வாங்கிவந்து, வெட்டி, ஜாக்கெட்டுகளுக்குப் பட்டையாக வைத்துத் தைத்தார். பை எத்தனைதான் கிடைக்கும்? தோலில் ஸ்கிரீன் பிரிண்டிங் போடக் கற்றுக்கொண்டு கூச்சி, லூயி விட்டான், ஃபெண்டி எழுத்துகளைத் தானே அச்சடிக்க ஆரம்பித்தார். மெஷினில் உட்கார்ந்தவர்கள் செனகலிலிருந்து வந்த தையல்காரர்கள். வாங்கியவர்கள் ராப் பாடகர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், போதைச் சரக்கில் பணம் பார்த்தவர்கள். அந்த நாளில் லூயி விட்டான் பெட்டியும் கைப்பையும் விற்ற கம்பெனி, ஆடை தைக்கவே இல்லை. லூயி விட்டானில் மேல்சட்டை வேண்டுமென்றால் உலகத்திலேயே ஹார்லெமுக்குத்தான் போக வேண்டும்.

1988 ஆகஸ்டில் ஒரு விடிகாலை, குத்துச்சண்டை வீரர்கள் மைக் டைசனும் மிட்ச் கிரீனும் அந்தக் கடை வாசலில் அடித்துக்கொண்டார்கள். பத்திரிகைகளில் கடையின் பெயர் வந்தது. பெரிய கம்பெனிகளின் வக்கீல்கள் கண்ணில் பட்டது. ரெய்டு, பறிமுதல், மறுபடி ரெய்டு. ஃபெண்டி பக்கத்து வக்கீல்களில் ஒருவர் சோனியா சோட்டோமயர். பிற்பாடு அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவரேதான். 1992இல் கடை மூடியது.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 1992இல் நடந்தது குற்றம், 2017இல் நடந்தது குற்றமில்லை. ஏன் என்பதில்தான் உயர்ரக ஃபேஷனில் கறுப்பினத்தவர் கதையின் முடிச்சு இருக்கிறது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஆடையின் வெட்டுக்கும் வடிவத்துக்கும் பாதுகாப்புத் தருவதில்லை. அதன் பார்வையில் சட்டை என்பது பயன்பாட்டுப் பொருள். துணியில் அச்சான பூ வேலைக்கு உரிமை கோரலாம். தோளிலிருந்து கை எப்படி உப்பி இறங்குகிறது என்பதற்குக் கோர முடியாது. பெயருக்கும் லோகோவுக்கும் டிரேட்மார்க் உண்டு, அதைத் தொட்டால் கோர்ட். டாப்பர் டான் கடன் வாங்கியது பெயரை. அவரிடமிருந்து எடுக்கப்பட்டது வெட்டை. அதாவது ஏற்கெனவே பெயர் வைத்திருப்பவனுக்குத்தான் சட்டம் துணை. ரசனையை உண்டாக்கியவனுக்கு அதனிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

பெயருக்கும் வேலைக்கும் நடுவே உள்ள இந்தத் தூரத்தைத் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்டிங் மாஸ்டர் ஒரு ஊர், காஜா பட்டன் ஒரு ஊர், கடைசியில் கழுத்தில் தைக்கிற லேபிள் மட்டும் கப்பலில் வந்த பெயர். ஆனால் அங்கே வடிவத்தை அனுப்பியவர் வேறு, தைப்பவர் வேறு. டாப்பர் டான் போன்றவர்கள் விஷயத்தில் வடிவமும் அவர்களுடையது, தையலும் அவர்களுடையது. பெயர் மட்டும் வேறு இடத்தில் இருந்தது.

இந்தக் கணக்கு எவ்வளவு பழையது என்று பார்த்தால், நம்ம ஊர்த் துணி ஒன்று நடுவில் வந்து நிற்கிறது. 1786இல் லூயிசியானா ஸ்பெயினின் கையில் இருந்தது. அங்கே சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின, கலப்பினப் பெண்கள் நகையும் இறகும் வைத்துத் தலை அலங்காரம் செய்துகொண்டு தெருவில் போவது ஆளுநர் எஸ்தபான் மீரோவுக்கு உறுத்தியது. தலைமுடியை மூடித் துணி கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தாழ்ந்தவர் என்று காட்டுவதற்கான துணி. அந்தப் பெண்கள் கிடைத்ததிலேயே பளிச்சென்ற துணிகளைத் தேர்ந்து, கொத்துக் கொத்தாக முடிச்சுப் போட்டு, உத்தரவை அப்படியே நிறைவேற்றினார்கள். கொஞ்ச நாளில் அதுவே பார்க்கிறவர்கள் ஆசைப்படும் கட்டாகிவிட்டது. அந்தத் தலைக்கட்டுக்குப் பேர்போன துணி, சென்னையைச் சுற்றியும் ஆந்திரக் கடற்கரையிலும் நெய்த கட்டம் போட்ட பருத்தி. மார்ட்டினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா தீவுகளில் இன்றும் அதற்குப் பெயர் ‘மத்ராஸ்’. பெண்களின் பாரம்பரிய உடையே அதுதான். முடிச்சில் எத்தனை முனை நிற்கிறது என்பதை வைத்து, கட்டியவளின் மனம் காலியாக இருக்கிறதா, யாருக்காவது கொடுத்தாகிவிட்டதா என்று சொல்வார்கள். ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் 1853இல் மார்ட்டினிக் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு முன்பே அவர்கள் ஊர்த் துணி போய், கறுப்பினப் பெண்களின் தலையில் ஏறியிருந்தது. நெய்தவர் பெயரும் யாருக்கும் தெரியாது, கட்டிக் காட்டியவர் பெயரும் தெரியாது. ஊர்ப் பெயர் ஒன்று மிச்சம்.

பெயர் தெரிந்த ஒருவரிடம் வருவோம். ஆன் லோ. 1898இல் அலபாமா மாநிலத்தின் கிளேட்டன் ஊரில் பிறந்தவர். கொள்ளுப்பாட்டி அடிமை. பாட்டியும் அம்மாவும் வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்குத் தைத்துப் பிழைத்தவர்கள். துண்டுத் துணியில் பூ செய்வது ஆனுக்கு விளையாட்டாக வந்தது. பின்னாளில் அந்தத் துணிப்பூக்கள்தான் அவருடைய கையெழுத்து. 1914இல் அம்மா இறந்தபோது அலபாமா ஆளுநர் வீட்டுக்கான நான்கு விருந்து ஆடைகள் பாதியில் கிடந்தன. பதினாறு வயதுப் பெண் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாள். 1917இல் நியூயார்க்கில் தையல் டிசைன் பள்ளியில் சேர்ந்தபோது, மற்ற மாணவிகளோடு உட்கார விடாமல் தனி அறையில் உட்கார வைத்தார்கள். பிறகு அவர் தைத்ததை எடுத்துப் போய் அந்த மாணவிகளுக்கு மாதிரியாகக் காட்டினார்கள்.

1947இல் ஒலிவியா டி ஹாவிலண்ட் ஆஸ்கர் வாங்க மேடையேறிய கவுன் ஆன் லோ செய்தது. அதன் லேபிளில் இருந்தது சோனியா ரோசன்பர்க் என்ற பெயர்.

1953 செப்டம்பர் 12. ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் ஜாக்குலின் பூவியேவுக்கும் ஜான் கென்னடிக்கும் கல்யாணம். மணப்பெண்ணின் கவுனுக்கு ஏறக்குறைய 50 கெஜம் தந்த நிறப் பட்டு டாஃபெட்டா. கழுத்து விரிந்து இறங்க, கீழ்ப்பாவாடை முழுக்க வட்டம் வட்டமாகச் சுருக்கு. இரண்டு மாத வேலை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆன் லோவின் நியூயார்க் பட்டறையில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. காலையில் கதவைத் திறந்தால் அறை முழுக்க வெள்ளம். பதினைந்து ஆடைகளில் பத்து வீண், மணப்பெண் கவுன் உட்பட. தைக்கிறவர்களுக்குத் தெரியும், டாஃபெட்டாவில் தண்ணீர்க் கறை விழுந்தால் அதோடு சரி, துவைத்து மீட்க முடியாது. ஆன் லோ புதிதாகத் துணி வாங்கினார், கூடுதல் ஆள் வைத்தார், ராப்பகலாகத் தைத்து முடித்தார். 700 டாலர் லாபம் வரவேண்டிய இடத்தில் 2,200 டாலர் நஷ்டம். கல்யாண வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆடைகளோடு மணப்பெண் வீட்டாரின் பண்ணை வீட்டு வாசலில் போய் நின்றால், வேலைக்காரர்கள் போகும் பின்வாசல் வழியாக வா என்றார்கள். முன்வாசல் இல்லையென்றால் துணியோடு திரும்பிப் போய்விடுவேன் என்றார். முன்வாசல் திறந்தது.

மறுநாள் உலகமே அந்தக் கவுனைப் பற்றி எழுதியது. பெரும்பாலான பத்திரிகைகளில் தைத்தவர் பெயர் இல்லை. 1961இல், ஜாக்குலின் வெள்ளை மாளிகைக்குப் போன பிறகு, ஒரு பெண்கள் பத்திரிகை அந்தக் கவுனைத் தைத்தது ஒரு கறுப்பினத் தையல்காரி என்றும், அது ஓத் கூத்யூர் இல்லை என்றும் எழுதியது. ஓத் கூத்யூர் என்றால் அளவெடுத்து, ஆளுக்கென்று கையால் செய்யும் பாரிஸ் உச்ச ரகம். ‘தையல்காரி’ என்ற சொல்லில் ஆன் லோவுக்கு அவமானம் இருந்திருக்காது, அவர் பரம்பரையே அதுதான். இரண்டாவது பாதிதான் சுட்டிருக்கும். தன் மனவருத்தத்தைச் சொல்லி ஜாக்குலினுக்கே கடிதம் எழுதினார்.

அவருக்கு வணிகம் வரவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மையும் உண்டு. வசதியான வீட்டுப் பெண்கள் பேரம் பேச, அடக்க விலைக்கும் கீழே கொடுத்துவிடுவார். வேறு கடையில் இதற்குப் பத்துப் பங்கு கொடுக்கத் தயங்காதவர்கள் இவரிடம் மட்டும் ஏன் பேரம் பேசினார்கள் என்ற கேள்வியை அவர்கள் கேட்பதில்லை. 1962இல் ஒரு கண்ணை கிளாக்கோமாவுக்குக் கொடுத்தார். 12,800 டாலர் வரி பாக்கியில் கடை போனது. பாக்கியைப் பெயர் சொல்லாத யாரோ கட்டினார்கள். அது ஜாக்குலின்தான் என்று ஆன் லோ நம்பினார். 1981இல் இறந்தார்.

அடுத்த தலைமுறைக்கு முன்வாசல் வேறு விதமாகத் திறந்தது. 1973 நவம்பர் 28ஆம் தேதி ராத்திரி, பாரிசுக்கு வெளியே வெர்சாய் அரண்மனையில் ஐந்து பிரெஞ்சு டிசைனர்களும் ஐந்து அமெரிக்க டிசைனர்களும் ஒரே மேடையில். அரண்மனையைப் பழுது பார்க்க நிதி திரட்டும் நிகழ்ச்சி என்று பெயர். எல்லோரும் போட்டியாகத்தான் பார்த்தார்கள். பிரெஞ்சுத் தரப்பில் ஈவ் சான் லொரான், டியோர், ஜிவன்ஷி, கார்தான், உங்காரோ. ராக்கெட், பூசணிக்காய் வண்டி என்று மேடை முழுக்க ஜோடனை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அமெரிக்கர்கள் கொண்டுவந்த பின்திரை மேடைக்குப் பொருந்தவே இல்லை. மீட்டரில் இருந்த அளவை அடியாக எடுத்துக்கொண்டார்களாம். வெறும் மேடையில், பாட்டைப் போட்டுவிட்டு மாடல்களை நடக்க விட்டார்கள். அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். முடிந்ததும் பாரிஸ் பெரிய மனிதர்கள் கையிலிருந்த நிகழ்ச்சிக் காகிதங்களை மேலே வீசி எறிந்தார்கள்.

அந்த 36 மாடல்களில் பத்துப் பேர் கறுப்பினப் பெண்கள். பேட் கிளீவ்லண்ட், பெத்தான் ஹார்டிசன், பில்லி பிளேர், ஆல்வா சின் என்று நீளும் வரிசை. அதுவரை ராம்ப் என்றால் துணியை மாட்டிக்கொண்டு நேரே வந்து நேரே போவது. இவர்கள் சுழன்றார்கள், நின்றார்கள், கூட்டத்தை முறைத்தார்கள். பாவாடை எப்படி விரிகிறது என்பதை உடம்பால் காட்டினார்கள். இன்றைக்குச் சென்னையில் கல்லூரி விழாவில் நடக்கும் ராம்ப் வாக்கில்கூட அந்த ராத்திரியின் நடை இருக்கிறது.

அந்த ஐந்து அமெரிக்க டிசைனர்களில் ஒரே கறுப்பினத்தவர் ஸ்டீஃபன் பரோஸ். அப்போது முப்பது வயது. அவர் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. அவர் செய்ததை ஜவுளிக்கடையில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பனியன் துணி மாதிரி இழுபடும் ஜெர்சியின் ஓரத்தை மடித்து அடிக்காமல், கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நெருக்கமான ஜிக்ஜாக் தையல் போடுவார். கையை விட்டதும் ஓரம் சுருண்டு, கீரை இலை விளிம்பு மாதிரி அலை அலையாக நிற்கும். ‘லெட்டூஸ் ஹெம்’ என்று பெயர். ஒரு விதத்தில் அது தையல் பிசகு. பிசகையே அழகாக்கியது அவர் கண். ஐம்பது வருஷமாக உலகம் முழுக்கக் குழந்தைக் கவுன், டி-ஷர்ட், துப்பட்டா ஓரம் என்று அது ஓடிக்கொண்டிருக்கிறது. அவருக்கு அதிலிருந்து ஒரு சல்லி வராது. வெட்டுக்கும் தையலுக்கும் உரிமை இல்லை என்று முன்பே பார்த்தோம்.

அந்தக் காலத்தில் இன்னொருவர், வில்லி ஸ்மித், வேறு வழியில் போனார். 1976இல் லோரி மாலே என்ற பங்காளியோடு ‘வில்லிவேர்’ தொடங்கினார். ராணிக்குத் தைப்பதில்லை, ராணி போகும்போது கையசைக்கும் ஜனத்துக்குத்தான் தைக்கிறேன் என்பது அவர் கொள்கை. தொளதொளப்பான பருத்திப் பேன்ட், கசங்கினாலும் கெடாத சட்டை. தயாரிப்பு பெரும்பாலும் இந்தியாவில், பம்பாயில். 1986 வாக்கில் விற்பனை 25 மில்லியன் டாலரைத் தொட்டது. அதே ஆண்டு ஜாக்குலினின் மகள் கேரோலைன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் தோழர்களுக்கும் உடை செய்தவர் வில்லி ஸ்மித். அம்மா கல்யாணத்தில் மறைந்த பெயர், மகள் கல்யாணத்தில் செய்தியாக வெளிவந்தது. மறு ஆண்டே, துணி வேலையாக இந்தியா போய்த் திரும்பியவர், எய்ட்ஸ் பலவீனமாக்கிய உடம்பில் நோய்த்தொற்று தாங்காமல் இறந்தார். வயது 39.

எய்ட்ஸ் கொண்டுபோன இன்னொரு பெயர் பேட்ரிக் கெல்லி. மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க்காரர். அவருடைய பாட்டி ஒரு வெள்ளைக்கார வீட்டில் வேலை செய்தார். அங்கே படித்துப் போட்ட ஃபேஷன் பத்திரிகைகளைப் பேரனுக்குக் கொண்டுவருவார். இதில் ஏன் நம்மைப் போல ஒருத்தர்கூட இல்லை என்று பையன் கேட்டானாம். நம் பெண்களுக்கு டிசைன் செய்ய யாருக்கும் நேரமில்லை என்றாராம் பாட்டி. பேரன் சட்டையில் பட்டன் விழுந்தால் கையில் அகப்பட்ட வேறு நிறப் பட்டனை வைத்துத் தைப்பார். ஒன்று மட்டும் பொருந்தாமல் தெரியக் கூடாதே என்று அங்கங்கே இன்னும் சில கலர் பட்டன்களைச் சேர்த்து விடுவார். வறுமையை மறைக்கப் பாட்டி செய்த இந்த வித்தையைத்தான் கெல்லி பாரிசுக்கு எடுத்துப் போனார். கறுப்பு ஜெர்சி கவுனில் நூற்றுக்கணக்கான பல நிறப் பட்டன்கள். முதலில் பாரிஸ் தெருவில் வைத்து விற்றார். 1988இல் பாரிசின் ஆயத்த ஆடை டிசைனர் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன் எந்த அமெரிக்கருக்கும், வெள்ளைக்காரருக்கும்கூட, கிடைக்காத இடம். 1990 புத்தாண்டு தினத்தில் இறந்தார்.

கெல்லியின் லோகோ பலருக்குச் சங்கடம் தந்தது. கறுப்பு முகம், தடித்த சிவப்பு உதடு, உருண்டை விழி: கறுப்பினத்தவரைக் கேலி செய்ய வெள்ளைக்காரர்கள் செய்த கோலிவாக் பொம்மை. அதையே அவர் தன் கடைப் பையில் போட்டார், சின்னக் கறுப்புப் பொம்மை ஊசிகளைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பரிசாகக் கொடுத்தார். நம் மேல் எறிந்ததை நாமே எடுத்துக் குத்திக்கொண்டால் எறிந்தவன் கையில் ஒன்றுமிருக்காது என்ற கணக்கு. சரியா தப்பா என்று இன்றும் சண்டை போடலாம். 2019 பிப்ரவரியில் கூச்சி 890 டாலர் விலையில் ஒரு கறுப்பு ஸ்வெட்டர் விற்றது. கழுத்தை மூக்கு வரை தூக்கி விட்டால் வாய் இருக்கும் இடத்தில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றித் தடித்த சிவப்பு உதடு. அதே படம்தான். அதை முடிவு செய்த அறையில் இருந்த ஒருவருக்குக்கூட அது உறுத்தவில்லை என்றால், அந்த அறையில் யார் இல்லை என்பது புரிகிறது.

அந்தச் சமயத்தில் டாப்பர் டான் கூச்சியின் பங்காளி. ஜாக்கெட் விவகாரம் வெடித்த பின், 2017 செப்டம்பரில் கூச்சி அவரோடு ஒப்பந்தம் போட்டு, மறு ஆண்டு தொடக்கத்தில் ஹார்லெமில் அவருக்குத் தையல் நிலையம் வைத்துக் கொடுத்தது. இருபத்தைந்து வருஷம் முன்பு திருட்டு என்று பறிமுதல் ஆன வேலைக்கு, இப்போது அசல் தோலும் அசல் லோகோவும் கம்பெனியே அனுப்பியது. பரிகாரம் என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். நல்ல வியாபாரம் என்று நான் நினைக்கிறேன். ஸ்வெட்டர் வந்ததும், பிராண்ட் ஆவதற்கு முன்பே நான் கறுப்பின மனிதன் என்று டாப்பர் டான் அறிக்கை விட்டார். கூச்சியின் தலைவர் ஹார்லெமுக்கு வந்து பேச வேண்டியிருந்தது.

டாப்பர் டான் போட்ட பாதையில் வந்தவர் என்று வர்ஜில் அப்லோவைச் சொல்லலாம். கானாவிலிருந்து இலினாய் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பம். தையல் கற்றுக்கொடுத்தது அம்மா. படித்தது சிவில் இன்ஜினியரிங், பிறகு கட்டிடக்கலை. 2012இல் ‘பைரெக்ஸ் விஷன்’ என்ற பிராண்டை ஆரம்பித்தார். விற்காமல் தேங்கிய ரால்ஃப் லாரன் கட்டம் போட்ட சட்டைகளை 40 டாலர் விலையில் வாங்கி, முதுகில் ஒரு வார்த்தையும் எண்ணும் அச்சடித்து, 550 டாலருக்கு விற்றார். இதிலென்ன டிசைன் என்று கேட்டவர்கள் ஏராளம். ஏற்கெனவே இருக்கும் பொருளில் மூன்று சதவீதம் மாற்றினால் போதும், புதியது பிறந்துவிடும் என்பது அவர் வாதம். டிஜே ஆகப் பாட்டுகளைக் கலந்து பழகியவர் துணியையும் அப்படித்தான் பார்த்தார். எனக்கு அவருடைய எல்லா ஆடையும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சில, வார்த்தையை மேற்கோள்குறிக்குள் போடும் வெறும் விளையாட்டு. ஆனால் ஆடம்பரம் என்பதே பெயரை ஒட்டி விலையை ஏற்றும் கலைதானே என்பதை அவரைப் போல வெளிப்படையாகப் போட்டு உடைத்தவர் இல்லை.

2018 மார்ச்சில் லூயி விட்டான் ஆண்கள் பிரிவுக்கு அவரே கலை இயக்குநர். டாப்பர் டான் எந்த எழுத்துகளை அச்சடித்ததற்காகத் துரத்தப்பட்டாரோ அதே எழுத்துகள். ஜூன் 21இல் பாரிசின் பாலே ருவாயால் தோட்டத்தில் வானவில் நிறத்தில் நீண்ட நடைபாதை. இருபுறமும் பணக்கார வாடிக்கையாளர்களோடு மாணவர்களையும் நிற்க வைத்தார். மூன்று ஆண்டுதான் கிடைத்தது. இதயத்தில் வரும் அரிய புற்றுநோயை வெளியே சொல்லாமல் வேலை பார்த்து, 2021 நவம்பர் 28 அன்று, 41 வயதில் போய்ச் சேர்ந்தார். வெர்சாய் ராத்திரியின் 48ஆவது ஆண்டு நாள் அது.

நாற்காலி ஒருவருக்குக் கிடைத்தால் கதவு திறந்துவிட்டது என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். கதவைக் காப்பவர்கள் வேறு. டிசைனரைவிடச் சில சமயம் அதிக அதிகாரம் உள்ளவர் பத்திரிகை ஆசிரியர். யார் படம் அட்டையில், யார் துணி உள்ளே, யாரை எந்த முதலாளியிடம் அறிமுகம் செய்வது எல்லாம் அவர் கையில். ஆந்த்ரே லியோன் டாலி 1988இல் அமெரிக்க வோக் பத்திரிகையின் படைப்பு இயக்குநர் ஆனார். டியூக் பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை செய்த பாட்டி வளர்த்த பையன், பிரெஞ்சு இலக்கியத்தில் முதுகலை. பல வருஷம் பாரிஸ் காட்சிகளின் முதல் வரிசையில் உட்கார்ந்த ஒரே கறுப்பினத்தவர் அவர்தான். அவருக்குப் பிந்தைய தலைமுறையில் எட்வர்ட் எனின்ஃபுல் 2017இல் பிரிட்டிஷ் வோக் ஆசிரியர். 2020 ஜூலையில் ஒருநாள் தன் அலுவலகத்துக்குள் நுழையப் போன அவரை வாசல் காவலர் நிறுத்தி, சரக்கு இறக்கும் வழியாகப் போகச் சொன்னார். ஆன் லோவுக்குக் காட்டிய பின்வாசலுக்கும் இதற்கும் நடுவில் 67 வருஷம். அமெரிக்க வோக்கின் அட்டைப் படத்தை ஒரு கறுப்பின ஃபோட்டோகிராஃபர் எடுத்தது 2018 செப்டம்பரில்தான்: டைலர் மிட்செல், எடுத்தது பியான்சேயை. பத்திரிகைக்கு அப்போது வயது 126.

இதைவிடப் பெரிய பூட்டு பணம். இளம் டிசைனர் ஒருவர் காட்சி வைக்கிறார், கடைகள் ஆர்டர் கொடுக்கின்றன என்று வையுங்கள். ஆர்டரோடு அட்வான்ஸ் வராது. துணி, ஜிப், தையல் கூலி எல்லாம் கைக்காசு. ஐந்தாறு மாதம் கழித்துச் சரக்கு கடைக்குப் போகும். அதற்குப் பிறகு ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்துக் காசு வரும். விற்காததைத் தள்ளுபடியில் போட்டால் அந்த நஷ்டத்திலும் பங்கு கேட்பார்கள். நிறைய ஆர்டர் வந்ததால் மூடிய கம்பெனிகள் இந்தத் தொழிலில் உண்டு. குடும்பத்தில் சொத்து இருப்பவன் இந்த ஆறேழு மாதத்தைத் தாண்டுவான். பாட்டன் பூட்டன் காலத்தில் சொத்து சேர்க்கவே விடப்படாத வீட்டிலிருந்து வருகிறவனுக்கு வங்கியும் கை விரிக்கும். திறமைப் பற்றாக்குறை என்று சொல்லப்படுவதில் பாதி இந்த மாதக் கணக்குதான்.

இதை நேராக அவிழ்த்தவர் டெல்ஃபார் கிளெமன்ஸ். லைபீரியப் பெற்றோருக்கு நியூயார்க்கின் குயின்ஸில் பிறந்தவர், 2005இலிருந்து தன் பெயரிலேயே பிராண்ட் நடத்துகிறார். செயற்கைத் தோலில் மூன்று அளவுப் பை, அப்போது விலை 150 டாலரிலிருந்து 257 டாலருக்குள். போட்ட நிமிஷத்தில் தீர்ந்து, வெளியே கள்ள விலைக்குப் போனது. 2020 ஆகஸ்டில் ஒரு காரியம் செய்தார்: ஒரு முழு நாள் கடையைத் திறந்து வைத்து, யாருக்கு எத்தனை வேண்டுமோ கேளுங்கள், முழுப் பணத்தையும் இப்போதே கட்டுங்கள், தைத்துப் பிறகு அனுப்புகிறேன் என்றார். வாடிக்கையாளரே முதலாளி ஆனார். சீட்டுக் கட்டித் துணி எடுத்துப் பழகிய நமக்கு இது புதுமையாகத் தெரியாது. ஃபேஷன் உலகம் வாய் பிளந்தது.

அந்த 2020, ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் அமெரிக்கப் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட ஆண்டு. பெரிய ஃபேஷன் வீடுகள் எல்லாம் ஆதரவு காட்ட இணையத்தில் கறுப்புச் சதுரம் போட்டன, வாக்குறுதி கொடுத்தன. டிசைனர் அரோரா ஜேம்ஸ், கடை அலமாரியில் 15 சதவீதத்தைக் கறுப்பினத்தவர் நிறுவனங்களுக்கு ஒதுக்குங்கள் என்று இயக்கம் தொடங்கினார். சில பெரிய கடைகள் கையெழுத்துப் போட்டன. மூன்று ஆண்டு கழித்து, 2023 அக்டோபரில், கெரிங் குழுமம் தன் மெக்குவீன் ஃபேஷன் வீட்டுக்குப் புதியவரை நியமித்தபோது யாரோ படங்களை வரிசையாக வைத்துக் காட்டினார்கள்: கூச்சி, சான் லொரான் உட்பட அந்தக் குழுமத்தின் ஆறு ஆடை பிராண்டுகளின் கலை இயக்குநர்களும் வெள்ளைக்கார ஆண்கள்.

அதற்காக ஒன்றும் நகரவில்லை என்று சொல்வதும் தப்பு. 25 வயதில் பால்மான் வீட்டைக் கையிலெடுத்த ஒலிவியே ரூஸ்தேங், 14 ஆண்டு அங்கே இருந்தார். ஃபெராகாமோவுக்கு 2022இல் மேக்சிமிலியன் டேவிஸ் வந்தார். தென்னாப்பிரிக்காவின் தெபே மகூகு 2019இல் இளம் டிசைனர்களுக்கான எல்விஎம்எச் பரிசை வென்ற முதல் ஆப்பிரிக்கர். 2025 அக்டோபரில் எர்மெஸ் தன் ஆண்கள் ஆடைப் பிரிவைக் கிரேஸ் வேல்ஸ் பானரிடம் கொடுத்தது. லண்டன்காரர், ஜமைக்கத் தகப்பன். இந்த அளவுள்ள ஐரோப்பிய வீட்டில் இந்த இடத்துக்கு வரும் முதல் கறுப்பினப் பெண். பரபரப்பு செய்யாத, நூலக வாசனை வீசும் தையல் அவருடையது. பாடகர் ஃபரெல் வில்லியம்ஸ் 2023இல் லூயி விட்டானுக்கு வந்தபோது, புகழ் வேண்டும் என்றால் மட்டும் கறுப்பினத்தவரைத் தேடுகிறார்கள் என்ற முணுமுணுப்பு எழுந்தது. பானரின் நியமனம் அந்த முணுமுணுப்புக்கு ஓரளவு பதில். அவருடைய முதல் எர்மெஸ் தொகுப்பு 2027 ஜனவரியில்.

ஜாக்குலினின் கல்யாணக் கவுன் பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகத்தின் வசம் இருக்கிறது. எழுபது வருஷப் பட்டு, நைந்துவிட்டது. வெளியே எடுத்துப் பொம்மையில் மாட்ட முடியாது. 2023இல் டெலவேரில் உள்ள வின்டர்தூர் அருங்காட்சியகம் ஆன் லோவுக்கென்று தனிக் கண்காட்சி வைத்தபோது அதன் நகலைத்தான் வைத்தார்கள். டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்பு கற்பிக்கும் ஒருவர் மூலத்தைக் கிட்டத்தில் பார்த்து, சுருக்குச் சுருக்காகக் கணக்கெடுத்து, புதிய டாஃபெட்டாவில் மறுபடி தைத்தார். கண்காட்சியின் தலைப்பில் ஆன் லோவின் பெயரும் அதற்குப் பக்கத்தில் இரண்டு சொற்களும் இருந்தன: அமெரிக்கன் கூத்யூரியே.